சாம்பலுக்கு ஒரு பின்வாசல்

சென்ற மாதம் தஞ்சாவூரில் இளம் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களை இம்மாதிரி வகுப்புகளுக்குக் கூப்பிடுவது, கல்யாண வீட்டில் பெரியவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பது போல ஒரு மரியாதை. போனோமா, நாலு வார்த்தை பேசினோமா, சாப்பிட்டோமா என்று திரும்பிவிட வேண்டும். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன், அந்த இளைஞர் தன் போனைக் காட்டாமல் இருந்திருந்தால்.

"விபத்து நடந்தா ரிப்போர்ட்டை இதிலேயே அனுப்பிடலாம் மேடம். காரணத்தைத் தொட்டாப் போதும்" என்றார். காரணங்கள் வரிசையாக இருந்தன. முதலாவதாக, 'தொழிலாளியின் கவனக்குறைவு'. "பெரும்பாலும் எல்லாரும் இதைத்தான் தொடுவாங்க" என்று அவரே சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. எங்கள் பேராசிரியர் தாமோதரன் சார் முன்னால் யாராவது அந்தச் சொல்லை எழுதியிருந்தால் அன்றைக்கு வகுப்பே நடந்திருக்காது என்று சொன்னேன். யார் அவர், என்ன கதை என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் பாதியில் நின்றது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தொழிற் பாதுகாப்புக்கென்று பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு புதிதாக வந்த சமயம் அது. என் அப்பா லுத்தரன் பள்ளியில் தலைமையாசிரியர். புதுப் படிப்பு என்பதால் போட்டி இருக்காது என்று கணக்குப் போட்டு என்னைச் சேர்த்துவிட்டார். அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஏண்டி எஸ்தர், வாட்ச்மேன் வேலைக்கு எதுக்குடி பட்டம்?" என்று சபை கூடும் இடத்தில் எல்லாம் கேட்பார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் கொண்டைமேல் தலைக்கவசம் உட்காரவே உட்காராது. பட்டறையில் தொங்கும் உடைக்குத் தடை. சேலை தொங்கும் உடையா இல்லையா என்று பட்டறைக்காரருக்கும் எனக்கும் ஒரு வாரம் வழக்கு நடந்தது. நடவுக்குப் போகிறவர்கள் போல இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன், வழக்கு தீர்ந்தது. கொண்டையைப் பிடரிக்கு இறக்கினேன், கவசமும் உட்கார்ந்தது. கொதிகலன், பெல்ட், நச்சுவாயு, இரைச்சல் என்று பாடங்கள் ஓடின. அவற்றை எல்லாம் இங்கே சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், நாங்களும் தூங்கினோம்.

தூங்க முடியாத வகுப்பு தாமோதரன் சாருடையது. நெடிய மனிதர். மழையோ வெயிலோ குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நாய் என்றால் அவ்வளவு பயம், குடை அதற்குத்தான் என்று ஒரு பேச்சு. உட்காரவே மாட்டார். ஒரு விபத்தைச் சொல்லிக் காரணம் கேட்பார். நாம் ஒரு காரணம் சொல்வோம். "சரி, அதுக்கு முன்னாடி?" என்பார். இன்னொன்று சொல்வோம். "அதுக்கு முன்னாடி?" நமக்கு நாக்கு வறண்டு போகும்வரை இதே கேள்விதான். கவனக்குறைவு என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அப்படி எழுதினீங்கன்னா அதுக்குமேல எழுத ஒண்ணும் இருக்காது. பேனாவை மூடிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போய்விடுவார். நாங்கள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வர வேண்டும்.

விபத்து விசாரணைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து விசாரிக்கக் கூடாது. விபத்து நடந்த அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சுமையைக் கையில் எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் நடந்து பார்க்க வேண்டும். தொழிலாளியும் நடக்க வேண்டும், மேஸ்திரியும் நடக்க வேண்டும், முதலாளியும் நடக்க வேண்டும். "காலு சொல்றதை வாய் சொல்லாது" என்பார். எங்களுக்கு அது கொஞ்சம் கோமாளித்தனமாகவே பட்டது.

கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஒரு தொழிற்சாலையில் தங்கி வேலை செய்து அறிக்கை எழுத வேண்டும். மற்றவர்கள் சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை என்று பறந்தார்கள். எனக்குக் கிடைத்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி மில். ஊர்ப் பெயர் வேண்டாம். முதலாளி பெயர் ரெத்தினசாமி. ஆட்சி மாறினால் அவர் வேட்டிக் கரையும் மாறும். மில்லின் வெளிச்சுவரில் கட்சிச் சின்னத்தின்மேல் கட்சிச் சின்னமாக வர்ணம் ஏறி, சுவரே கொஞ்சம் தடித்துப்போயிருந்தது. மற்றபடி கெட்ட மனிதர் இல்லை. போன அன்றைக்கே, "படிக்கிற பொண்ணு, பசியோட இருக்கக் கூடாது" என்று வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார்.

புழுங்கல் அரிசி மில் எப்படி வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, பாய்லர் ஆவியில் அவித்து, சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். பெண்கள் வரிசையாக நடந்து பாதத்தாலேயே நெல்லைக் கிளறிவிடுவார்கள். காய்ந்த நெல் அரைபடப் போகும். அதில் கழியும் உமிதான் பாய்லருக்கு எரிபொருள். எரிந்த உமியின் சாம்பலை இரும்புச் சட்டியில் அள்ளி, களத்தின் அந்தக் கோடியில் இருந்த சாம்பல் மேட்டில் கொட்ட வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உமிச் சாம்பலைப் பாருங்கள். மேலே பூனைபோல் படுத்திருக்கும். உள்ளே கனகனவென்று இருக்கும்.

சாம்பல் அள்ளுகிறவள் பாக்கியம். நாற்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மில்லில் அவள் குரல்தான் பெரிது. பாய்லர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வெறுங்காலோடு அவள் சாம்பல் மேட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். உடனே சாருக்குக் கடிதம் எழுதினேன். அவர் யாரையோ பிடித்து, மில் பெண்கள் எல்லாருக்குமாகத் தடித்த தோல் பூட்ஸுகள் அனுப்பிவைத்தார். அதை வழங்குவதற்கு ரெத்தினசாமி ஒரு விழாவே வைத்துவிட்டார். மாலை, மைக், போட்டோ எல்லாம் உண்டு. பாக்கியம் பூட்ஸைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பூட்ஸுகள் எல்லாம் களத்தோரம் வரிசையாக நிற்கின்றன, கோயில் வாசலில் விட்ட மாதிரி. ஒரு ஜோடிக்குப் பொட்டுகூட வைத்திருந்தது.

"ஏன் பாக்கியம், போட்டுக்கலையா?"

"போட்டுக்கிட்டுத்தான் பாப்பா சாம்பலை அள்ளுனேன். களத்துல கால வைக்கறப்ப கழட்டிட்டேன். நெல்லு கெடக்குல்ல. லெச்சுமி மேல செருப்புக் காலோட ஏறுவாங்களா?"

"திரும்ப அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கலாமே?"

"தலையில கொதிக்கிற சட்டி. கையில பூட்ஸையுமா தூக்கிட்டுப் போவச் சொல்ற?"

நியாயம்தான். பாய்லருக்கும் சாம்பல் மேட்டுக்கும் நடுவே முழுக்க நெல். என் பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சிமெண்டு ஆலையில் யாரும் சிமெண்டைக் கும்பிடுவதில்லை. யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்துவிட்டது. காற்றடித்து மேட்டின் சரிவு பரவிக் கிடந்திருக்கிறது. ஆறிய சாம்பல் என்று நினைத்துப் பாக்கியம் கால் வைத்தாள். கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது.

அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தீப்புண்ணுக்கு மருந்தென்று யாரோ பேனா மையைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நான் மையைத் தட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்று ஊற்று என்று கத்தினேன். மில் டெம்போவிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் போய்விட்டது, கால் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் பாக்கியம், "அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமா?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் பயந்தது சரிதான். அடுத்த நாள் ரெத்தினசாமி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பூட்ஸு குடுத்தோமா இல்லையா?"

"குடுத்தீங்க."

"போட்டோ இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

"குடுத்தும் போடலைன்னா அது யாரு தப்பு? இவளை மறுபடி உள்ள விட்டா நாளைக்கு இன்னொருத்தி காலைச் சுட்டுக்குவா. ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன். ஆனா இனிமே மில்லுக்குள்ள அவ வரக் கூடாது. உன் அறிக்கையிலயும் அப்படியே எழுதிடு. கவனக்குறைவு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீ பட்டம் வாங்கிட்டுப் போ."

அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கையைப் பல்கலைக்கழகம் ஏற்காது. எனக்குப் பட்டம் போனால் அத்தைதான் சிரிப்பார். பாக்கியத்துக்கு மில் போனால் அடுப்பு எரியாது. அறுப்பும் நடவும் இல்லாத மாதங்களில் அந்த ஊரில் பெண்களுக்கு வேறு வேலையே இல்லை. பூட்ஸ் வருவதற்கு முன்னால் இதே கால் சுட்டிருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஓர் அழுகை அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, சாருக்குத் தந்தி கொடுத்தேன்.

சார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், குடையோடு. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே ரெத்தினசாமியிடம் போய், "விசாரணைன்னு ஒண்ணு வைக்கணுங்க. எல்லாரும் நடந்து பார்க்கணும். நீங்களும்தான்" என்றார். தானும் நடக்க வேண்டுமா என்று ரெத்தினசாமி தயங்கினார். பல்கலைக்கழகத்து வழக்கம் என்றதும், அவருக்கும் அது ஒரு விழா மாதிரி தோன்றியிருக்க வேண்டும், ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் பாக்கியத்தை உள்ளே விட்டார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பாய்லர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். களத்துப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

முதலில் சார் புறப்பட்டார். வெறும் சட்டியைத் தலையில் வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவர் பூட்ஸ் காலைக் களத்தில் வைக்கப் போனார்.

"சார்! சார்! செருப்பு! நெல்லு!" களமே கத்தியது.

சார் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். சட்டி ஒரு பக்கம் விழுந்தது, குடை ஒரு பக்கம் விழுந்தது. சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. சாரே சிரித்துவிட்டார்.

"நகருங்க வாத்தியாரே, நான் நடந்து காட்டறேன்" என்று ரெத்தினசாமி சட்டியை வாங்கிக்கொண்டார். அவர் காலில் நல்ல தடித்த தோல் செருப்பு. பாய்லர் வாயிலிருந்து கம்பீரமாக நடந்தார். களத்தின் விளிம்புக்கு வந்தார். நடையை நிறுத்தவுமில்லை, குனியவுமில்லை. கால் தானாகவே செருப்பை உதறிவிட்டது. வலது செருப்பு, இடது செருப்பு. நெல்லின்மேல் வெறுங்காலோடு நடந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். சட்டியைக் கவிழ்க்க வசதியாக மேட்டுச் சரிவில் காலை எடுத்து வைக்கப் போனார்.

"மொதலாளி! கால வைக்காதீங்க! உள்ள நெருப்பு இருக்கு!"

பாக்கியத்தின் குரல். கட்டுப் போட்ட காலோடு எழுந்து நின்றுவிட்டாள். ரெத்தினசாமி தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாம்பலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பாதத்தில் நாலைந்து நெல்மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

சார் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் களத்தில் நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"செருப்பு எங்கங்க?"

"நெல்லு மேல எப்படிங்க செருப்போட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சரிங்க. நெல்லு இருக்கறதால செருப்பைக் கழட்டினீங்க. அதுக்கு முன்னாடி? ஏன் நெல்லு வழியா வரணும்?"

"சாம்பல் மேடு இங்கதானே இருக்கு?"

"அதுக்கு முன்னாடி? மேடு ஏன் இங்க இருக்கு?"

ரெத்தினசாமி குனிந்து பாதத்தில் ஒட்டிய நெல்லைப் பொறுக்கிக் களத்தில் போட்டார். பாக்கியம்தான் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். "முன்னாடியெல்லாம் பாய்லருக்குப் பின்னாடியே கதவு இருந்துச்சு சார். அப்படியே வெளிய பள்ளத்துல கொட்டிடுவோம். அத அடைச்சுப்புட்டாங்க."

போய்ப் பார்த்தோம். சுவரில் ஒரு கதவளவுக்குப் புதுச் செங்கல். வெளியே மில்லுக்குச் சொந்தமான பள்ளம், அதைத் தாண்டி வயல், வயலில் நட்டிருந்த ஒரு செங்கொடி. வயல் ரெத்தினசாமி குடும்பத்துடையதுதான். ஆனால் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை வேறு பெயர்களில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. பின்கதவு இருந்தால் சங்கத்துக்காரர்கள் மில்லுக்குள் வந்துவிடுவார்கள் என்று பயந்து முதலாளி அடைத்துவிட்டார். ஆக, பாக்கியத்தின் கால் சுட்டதற்குக் காரணம் நில உச்சவரம்பு வழக்கு. "எழுதிக்குங்க எஸ்தர்" என்றார் சார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

கதவைத் திறக்க வேண்டும், பாக்கியம் வேலைக்கு வர வேண்டும், இதுதான் அறிக்கை. ரெத்தினசாமி வாயடைத்துப் போயிருந்தாரே தவிர வழிக்கு வரவில்லை. "அவ வரட்டும்யா, நான் ஒண்ணும் சொல்லலை. கதவு மட்டும் கேக்காதீங்க" என்றார். கதவு இல்லாமல் அவள் வந்தால் இன்னொரு காலும் சுடும் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. சார் பஸ் ஏறிப் போய்விட்டார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும்.

சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் வீரய்யன், பாக்கியத்தின் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கவலை நேர் எதிர். "கதவத் தொறந்தா அந்த வழியா ஆளுகளையும் ஏரையும் எறக்கி வயல உழுதுப்புடுவாரும்மா ஒங்க மொதலாளி" என்றார். இவருக்கு அவர்மேல் பயம், அவருக்கு இவர்மேல் பயம். நடுவில் சுட்ட கால் ஒன்று. நான் இங்கும் அங்கும் சைக்கிளில் போய்ப் போய் அந்த ஊர் நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது. கடைசியில் கதவு வைத்துப் பூட்டுப் போடுவது, சாம்பலைத் தவிர வேறு எதுவும் அந்த வழியாகப் போகவும் வரவும் கூடாது என்ற அளவுக்கு இரண்டு பேரும் இறங்கிவந்தார்கள்.

பள்ளத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பச் சொன்னேன். சட்டியைச் சுவர்மேல் வைத்துக் கவிழ்த்தால் போதும், கால் சாம்பல் பக்கமே போகாது. அதற்குள் பாக்கியத்தின் புண்ணும் ஆறிவிட்டது. செங்கல்லை எடுத்துவிட்டு இரும்புக் கதவு மாட்டினார்கள். அன்றைக்கு ரெத்தினசாமி கதவுக்கு இந்தப் பக்கம், வீரய்யன் அந்தப் பக்கம். பூட்டு வந்தது. சாவி யாரிடம் என்பதில் மறுபடியும் நின்றது.

"மில்லு என்னது, சாவியும் எங்கிட்டத்தான்" என்றார் ரெத்தினசாமி.

"அப்ப கதவே வேணாம், பழையபடி அடைச்சுடுங்க" என்றார் வீரய்யன்.

இவ்வளவு தூரம் வந்து ஒரு சாவியில் எல்லாம் போகிறதே என்று நான் நிற்கும்போது, பாக்கியம் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எங்கிட்டக் குடுங்க. சாம்பல் கொட்டறது நாந்தானே?"

முதலாளி வீரய்யனைப் பார்த்தார். வீரய்யன் தங்கச்சியைப் பார்த்தார். இரண்டு பேராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ரெத்தினசாமி சாவியை அவள் கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கையெழுத்து வாங்கக் கடைசியாக ஒருநாள் காலை மில்லுக்குப் போனேன். பாக்கியம் இன்னும் வரவில்லை. பாய்லர்க்காரர் சாம்பலை அள்ளி வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றார். ரெத்தினசாமி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பாத்தியாம்மா? மில்லுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப அவ வந்தாத்தான் என் மில்லுக் கதவே தொறக்குது" என்றார். குறைபோலத்தான் சொன்னார், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாக்கியம் வந்தாள். பூட்ஸை மாட்டினாள், பூட்டைத் திறந்தாள், சட்டியோடு வெளியே போனாள். புதுச் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரெத்தினசாமியும் எழுந்து பின்னாலேயே போனார். வாசற்படியில் அவர் கால், பழக்கத்தில், செருப்பை உதறப் போனது.

வெளியிலிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது. "மொதலாளி, செருப்போடயே வாங்க! இந்தப் பக்கம் நெல்லு இல்ல!"